பல் பிரியாத பூண்டு

மகள் சௌம்யாவுக்கு உதிரம் போகிறது என்று தவமணி வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தபோது, சத்தியதாஸ் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்தார். ஆனால் உள்ளே போகவில்லை. மாடு குடித்து முடிக்கும்வரை அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க, காது கேக்கலையா? ராமர் அண்ணன் வீட்டுல வண்டி நிக்குதான்னு பாத்துட்டு வாங்க. வெரசா போங்க!”

மலைமேல் இருக்கும் கூக்காலுக்கு வரும் பஸ்கள் சொற்பம். அன்றைய கடைசி பஸ் போயிருந்தது. மருமகன் பிரசாந்த் கொடைக்கானலில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். அவன் அங்கிருந்து வந்து அழைத்துப் போவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அடுத்த தோட்டத்து ராமர் வீட்டில் பிக்கப் வண்டி நின்றது. ராமரின் மகன் அஜித்குமார் சந்தைக்குக் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் மூட்டைகளை அப்படியே மண்ணில் இறக்கிப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சௌம்யாவுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் நிற்கவில்லை. இந்தத் தடவை ஏழு மாதம் முடிந்திருந்தது. வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். பொங்கல் கழிந்ததும் கொடைக்கானலில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே போய்த் தங்குவதாக ஏற்பாடு. பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது.

தவமணி ஒரு பக்கமும், ராமரின் மனைவி சோலையம்மாள் ஒரு பக்கமும் தாங்கிக்கொள்ள, சௌம்யா மெல்ல நடந்து வந்து வண்டியின் முன் இருக்கையில் ஏறினாள். ஊர் ஏரியிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் அதற்குள் பாதையை மறைத்துவிட்டது. அஜித்குமார் இருட்டும் முன்னரே விளக்கைப் போட்டான்.

“அப்பா, நீங்க வரலையா?”

“பின்னாடியே வாரேன் கண்ணு. மாடு இருக்குல்ல.”

மாட்டைச் சோலையம்மாள் பார்த்துக்கொள்வாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

துணிமணி எடுக்கத் தவமணி வீட்டுக்குள் ஓடினாள். சத்தியதாஸ் பின்னாலேயே போனார்.

“தவமணி, ஒரு விஷயம்.”

“வந்து பேசிக்கலாம். அந்தப் போர்வைய எடுங்க.”

“ஆண்டவருக்குன்னு பொருத்தனை பண்ணேன்ல, மேலடுக்குப் பூண்டு. அத நான் கொடுக்கல. கீழடுக்குல வெளஞ்சதத்தான் கோயில்ல கொண்டுபோய் வச்சேன். மேலடுக்க வடுகபட்டிச் சந்தைக்கு ஏத்தி வித்துட்டேன்.”

தவமணி புடவை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“என்ன புள்ள இப்படிக் கேக்குற? ஆண்டவர ஏமாத்துனா சும்மா விடுவாரா? அதான் இப்ப கேக்குறாரு.”

வெளியே ஹாரன் அடித்தது. தவமணி அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தச் சோப்பு டப்பாவையும் எடுங்க” என்றாள்.

வண்டி போய்விட்டது. அதன் சத்தம் பூம்பாறைப் பக்கம் திரும்பும் வளைவுவரை கேட்டது.

சத்தியதாஸின் தோட்டம் மூன்று அடுக்கு. மேலடுக்கில் காலை வெயில் முதலில் விழும். அங்கே விளையும் பூண்டு பல் பருத்து, தோல் சிவந்து, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். நடு அடுக்கு சுமார். கீழடுக்கு பேரிக்காய் மரங்களின் நிழலில் கிடப்பது. அங்கே பூண்டு சுண்டைக்காய்க்கு அண்ணன் அளவில் நின்றுவிடும். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

ஆனி மாதம், சௌம்யாவுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆண்டவர் செய்ததை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் சத்தியதாஸ் எழுந்து நின்றார். கூக்காலில் கிறிஸ்தவ வீடுகள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. தகரக் கூரைக் கோயில். எல்லோர் முன்னாலும், “இந்தப் புள்ள நெலச்சா, வர்ற வெள்ளாமையில மேலடுக்குப் பூண்டு முழுக்க ஆண்டவருக்கு” என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

புரட்டாசியில் அறுவடை வந்தபோது பூண்டு விலை ஏறிய ஏற்றத்தை மலையில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. வியாபாரிகள் தோட்டத்துக்கே வந்து நின்றார்கள். மேலடுக்குப் பூண்டைத் தாளோடு பிடி கட்டி, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டிருந்தார் சத்தியதாஸ். தினமும் சாப்பிட உட்காரும்போது அண்ணாந்து பார்ப்பார். விளைந்ததைக் கோயிலில் படைத்து ஏலம் விடும் அறுப்புப் பண்டிகைக்கு முந்தின நாள் அவற்றை இறக்கி வடுகபட்டிக்கு ஏற்றினார். கோயிலுக்குக் கீழடுக்குப் பூண்டு போனது. பூண்டு என்னவோ பூண்டுதான், மூட்டை என்னவோ மூட்டைதான். யாரும் கேட்கவில்லை.

வடுகபட்டிச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையின் வாயில் பெரிய பூண்டையும் அடியில் பொடியையும் போட்டுக் கட்டினால், கடைக்காரர் ஒன்றும் பேசமாட்டார். மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார். அத்தோடு சரி. அப்புறம் அந்த ஆளின் சரக்கை அந்தக் கடை தொடாது. பேச்சு முறிந்துபோகும்.

அன்று இரவு முழுக்கச் சத்தியதாஸின் மனத்தில் அந்தக் கவிழ்ந்த மூட்டைதான் இருந்தது. முழங்காலில் நின்று பார்த்தார். வார்த்தை வரவில்லை. பேச்சு முறிந்த கடைக்கு முன்னால் போய் நிற்பதுபோல இருந்தது.

கைப்பேசிக்கு ஏரிக்கரையில் ஒரு பாறைமேல் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். விடிந்தும் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் தகவல் வந்துவிடும்.

தோட்டத்துக்குப் போனார். உறைபனி விழுந்து பாத்தியெல்லாம் உப்புப் போட்டதுபோல வெளுத்திருந்தது. அந்த மண்ணில் களைக்கொத்து இறங்காது. மேட்டில் குத்த வைத்துக் காத்திருந்தார். வெயில் வந்து மேலடுக்கில் விழுந்தது. பனி கரைந்து தாள்களில் நீராக நின்றது. எழுந்து முதல் பாத்தியிலிருந்து பூண்டைப் பிடுங்க ஆரம்பித்தார்.

ஐப்பசியில் மறுபடி ஊன்றிய பூண்டு. மாசி கடைசியில்தான் தாள் மஞ்சளாகிச் சாயும். இப்போது இடுப்பு நிமிர்ந்த பச்சையில் நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் ராமர் பல் துலக்கும் குச்சியோடு வந்து நின்றார்.

“ஏலே தாசு! என்னடா பண்ற?”

“பாத்தா தெரியலையாண்ணே.”

“தெரியுது. அதான் கேக்குறேன். வெங்காயத்தாளுன்னு நெனச்சுப் புடுங்குறியா?”

சத்தியதாஸ் அடுத்த கொத்துக்குப் போனார். ராமர் குச்சியைத் துப்பிவிட்டு வேலியைத் தாண்டி வந்தார். பிடுங்கிப் போட்டதில் ஒன்றை எடுத்து மண்ணை உதறி, நகத்தால் கீறினார்.

“இங்க பாரு. ஒத்தக் கட்டியா கெடக்கு. பல்லே பிரியல. தோலு கெட்டிப்படல. அடுப்புக்கு மேல கட்டுனாலும் அழுகி ஊத்தும். விக்கவும் ஆகாது, வித்துக்கும் ஆகாது. உனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா?”

“இது என்னோடது இல்லண்ணே. ஆண்டவரோடது.”

“ஏன், உங்க ஆண்டவருக்கு வெளஞ்ச பூண்டு ஆகாதா?”

“வெளஞ்சத அவருக்குக் கொடுக்காம வித்துட்டேன். அதான் அவரு புள்ளையில கை வைக்கிறாரு. இப்பவாவது கொடுக்கணும். வெளையிற வரைக்கும் புள்ள தாங்காது.”

ராமர் கையிலிருந்த பூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் அஜித்துக்குக் காய்ச்சல் வந்தப்ப பழனியில முடி எறக்குறேன்னு வேண்டிக்கிட்டேன். தெரியுமா?”

“தெரியும்.”

“எப்ப போனேன்? அவன் மீசை மொளச்சு வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்புறம் போனேன். முருகன் ஒண்ணும் வட்டி போடல. மொட்டை போடுறவர்தான், ‘என்னங்க, பாதி முடி முன்னாடியே எறங்கிருச்சு’ன்னு சிரிச்சாரு.”

“உங்க சாமி வேறண்ணே.”

“உங்க சாமி ரொம்பக் கறாரோ?”

சத்தியதாஸ் அடுத்த பாத்திக்குக் குனிந்துகொண்டார்.

“நிறுத்துடா. வண்டி போயிருக்கு. அஜித்து தகவல் கொண்டாருவான். அதுவரைக்கும் கைய வச்சுக்கிட்டு இரு.”

“தகவல் வர்றதுக்குள்ள கோயில்ல வச்சிரணும்ணே.”

ராமர் தலையில் அடித்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் சோலையம்மாள் வந்தாள். பாத்திமேல் கிடந்த பச்சைக் குவியலைப் பார்த்தாள்.

“மாட்டுக்குப் புல்லு போட்டுட்டேன். பால் கறந்துட்டேன்” என்றாள். பிறகு, “தவமணி மதினி இருந்தா இத விட்டுருப்பாங்களா?” என்றாள்.

“அவ இல்லையே.”

“அதான் ஆடுறீங்க.”

மேலடுக்கு முழுக்கக் காலியாகும்போது வெயில் ஏறியிருந்தது. பச்சைப் பூண்டின் நெடி சட்டையிலும் தலைமயிரிலும் ஏறியிருந்தது. சாக்குகளில் அடைத்து ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறினார்.

கோயிலை ஒட்டிய அறையில், ஞாயிறு ஆராதனை நடத்தும் உபதேசியார் ஜெயசீலன் குடியிருந்தார். கல்யாணமாகாத பையன். கீழே நத்தம் பக்கத்திலிருந்து வந்தவர். மலைக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். கம்பளிக் குல்லாயோடு கதவைத் திறந்தவர், வாசலில் சாக்குகளைப் பார்த்துத் திகைத்தார்.

“என்னங்கய்யா இது?”

“காணிக்கை. பலிபீடத்துக்கு முன்னாடி வைக்கணும்.”

உபதேசியார் சாக்கைப் பிரித்தார். “கீரையா?”

“பூண்டு.”

“இன்னும் ஆகலையே!” இரண்டு குளிர்காலத்தில் அவருக்கும் அந்த அளவு தெரிந்திருந்தது. “இத ஏலத்துல விடமுடியாதே அய்யா. யாரு எடுப்பா?”

சத்தியதாஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆனி மாதத்துப் பொருத்தனை, வடுகபட்டி, கீழடுக்கு, ரத்தம். சொல்லி முடித்துவிட்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போலக் கைகட்டிக்கொண்டார்.

உபதேசியார் குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“அறுப்புப் பண்டிகையில வந்த அந்தச் சின்னப் பூண்டா? அத ஏலத்துல நான்தானே எடுத்தேன்.”

“நீங்களா?”

“ஆமா. இப்பவும் ரசத்துக்கு அதைத்தான் தட்டிப் போடுறேன். நல்லாத்தான் இருக்கு.”

சத்தியதாஸுக்குக் கோபம் வந்தது. அறுப்புப் பண்டிகையிலிருந்து ஆண்டவருக்கும் தனக்கும் நடுவில் கிடக்கும் பாவம், இந்தப் பையனின் ரசத்தில் கொதித்துக்கொண்டிருந்ததா?

“விளையாடாதீங்க தம்பி. பேத்தியோ பேரனோ, ஒரு உசிரு போய்க்கிட்டிருக்கு.”

“இல்லைங்கய்யா, விளையாடல.” உபதேசியாரின் முகம் மாறியது. “நீங்க பண்ணது தப்புதான். பொய்தான். ஆனா இதுக்காக ஆண்டவர் அத செய்யிறாருன்னு நான் எப்படிச் சொல்றது? எனக்குச் சொல்லத் தெரியல. ஜெபம் பண்ணுவோமா?”

“மொதல்ல சாக்க உள்ள வைங்க.”

இருவருமாகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். சின்னக் கோயில் முழுக்கப் பூண்டு நெடி அடித்தது. ஜெபம் தொடங்கும் முன்னாலேயே கீழே வண்டிச் சத்தம் கேட்டது. சத்தியதாஸ் வாசலுக்கு வந்து நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அஜித்குமார் வண்டியை நிறுத்தாமலே தலையை வெளியே நீட்டினான்.

“சித்தப்பா! பொட்டப்புள்ள! சௌம்யாக்கா நல்லாருக்கு. புள்ளைய கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. சித்தி ஒங்கள கூட்டியாரச் சொன்னுச்சு, ஏறுங்க!”

சத்தியதாஸ் திரும்பி உபதேசியாரைப் பார்த்தார். உள்ளே இருந்த சாக்குகளைப் பார்த்தார்.

“வாங்கிக்கிட்டாரு” என்றார். “வச்ச ஒடனே வாங்கிக்கிட்டாரு தம்பி!”

உபதேசியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சத்தியதாஸ் மண் அப்பிய காலோடு ஓடிப்போய் வண்டியில் ஏறியிருந்தார்.

பொங்கல் விடுமுறைக்கு முன்னாலேயே கொடைக்கானல் நிரம்பியிருந்தது. ஏரியைச் சுற்றிக் கார்கள் நகராமல் நின்றன. சோளம் சுடும் புகையும் குதிரைச் சாணமும் கலந்து அடித்தது. அஜித்குமார் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

“சித்தப்பா, சட்டைய மாத்திட்டு வந்திருக்கலாம். மூக்கு எரியுது” என்றான்.

“எரியட்டும்டா. இது காணிக்கை வாடை.”

வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். ஆண்டவர் எவ்வளவு நியாயமானவர் என்றார். தப்பைக் காட்டினார், திருத்திக்கொண்டதும் கையை எடுத்துவிட்டார் என்றார். அஜித்குமார் ஹூம் கொட்டினான். ராத்திரி முழுக்கத் தூங்காதவனுக்கு அவ்வளவுதான் முடிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தவமணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அதே துணிப்பை. மருமகன் பிரசாந்த் மருந்து வாங்கப் போயிருந்தான். சௌம்யா மயக்கம் தெளிந்து மறுபடி தூங்குவதாகத் தவமணி சொன்னாள்.

“கொடுத்துட்டேன் தவமணி” என்றார் சத்தியதாஸ், நின்றபடியே.

“எத?”

“மேலடுக்க. முழுக்கப் புடுங்கிக் கோயில்ல கொண்டுபோய் வச்சுட்டேன். ஒரு கொத்து மிச்சமில்ல.”

தவமணி அவருடைய கையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

“பச்சைப் பூண்டையா?”

“வேற வழி? நான் கொடுத்தேன், அவரும் கொடுத்துட்டாரு. சாக்க உள்ள வச்சு நிமிரல, அஜித்து வந்து நிக்கிறான்.”

“எப்ப புடுங்குனீங்க?”

“காலையில. பனி கரைஞ்சதும்.”

தவமணி அவருடைய கையை விட்டாள்.

“ராத்திரி வந்ததும் டாக்டரம்மா பாத்துட்டு, தாங்காதுன்னு வெள்ளனே ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. புள்ள அழுதப்ப சன்னலுக்கு வெளிய இருட்டுதான். விடியவே இல்ல.”

சத்தியதாஸ் தன் மண் படிந்த கையைப் பார்த்தார்.

“ஒங்களுக்கு எத்தனை வாட்டி போன் போட்டேன். பாறைப் பக்கம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க களைக்கொத்த எடுக்கும்போது அவ பொறந்து, தொடச்சு, பெட்டியில படுத்துட்டா.”

அவர் மெல்ல பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். எதிரே சுவரில் தடுப்பூசி அட்டவணை ஒட்டியிருந்தது. அதையே பார்த்தார்.

“அப்ப அந்தப் பூண்டு?”

“சோலையம்மா மதினிக்கிட்ட சொல்லுங்க, தொக்கு போடட்டும். ஊருக்கே போதும்.”

“அப்ப எத வாங்கிக்கிட்டுக் கொடுத்தாரு?”

“ஒண்ணும் வாங்கல.”

“ஒண்ணும் வாங்காம எவன் கொடுப்பான் தவமணி?”

“எவனும் கொடுக்க மாட்டான். அதான் அவரு ஆண்டவரு.”

வார்டுக்குள்ளிருந்து ஒரு தட்டுச் சத்தம் வந்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சௌம்யா இல்லை, வேறு யாரோ.

தவமணி தாழ்ந்த குரலில், ஆனால் நிறுத்தாமல் பேசினாள். ராத்திரி வண்டியில் பூம்பாறை வளைவுகளில் மகளின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தபோதே அவளுக்குள் இது ஓடிக்கொண்டிருந்தது.

“சௌம்யாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தப்ப அவ கைக்கொழந்தை. அவ என்ன வாக்குக் கொடுத்தா? தலையில தண்ணி பட்டதும் வீல்னு கத்துனா. அவ்வளவுதான். நான் ஒங்களுக்குத் தேவனா இருப்பேன், ஒங்க புள்ளைகளுக்கும் இருப்பேன்னு அவருதான் சொன்னாரு. அதுக்குப் பேரு உடன்படிக்கை. அப்ப நீங்க என்ன கொடுத்தீங்க? பூண்டா, உருளைக்கெழங்கா?”

“அது வேற. இது நானா வாயவிட்டுச் சொன்னது. சொன்னத மீறுனேன்ல?”

“மீறுனீங்க. அது தப்பு. மன்னிப்புக் கேளுங்க, மாசியில நடு அடுக்குல வர்றதக் கொண்டுபோய் கொடுங்க. யாரு வேணாங்குறா? ஆனா நீங்க சொன்ன சொல்லு ஒண்ணு, அவரு சொன்ன சொல்லு ஒண்ணு. ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டாதீங்க. நீங்க மாறுனதுக்காக அவரும் மாறிருவாருன்னா, அவரு என்ன வடுகபட்டியில கடையா வச்சிருக்காரு?”

சத்தியதாஸ் சட்டென்று நிமிர்ந்தார். அவர் மனத்தில் ராத்திரி முழுக்கக் கவிழ்ந்து கிடந்த மூட்டையைப் பற்றி அவளிடம் சொன்னதே இல்லை.

“பொய் சொன்னீங்க பாருங்க, அதக்கூட விட்டுரலாம். அதுக்காக நம்ம புள்ளையோட புள்ளைய எடுத்துக்குவாருன்னு அவரப் பத்திச் சொன்னீங்களே, அதான் எனக்குத் தாங்கல. வண்டியில அழுதுகிட்டே வந்தேன். சௌம்யா, வலிக்குதாம்மான்னு என்னைக் கேக்குறா!”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“அப்ப முன்னாடி ரெண்டு போச்சே?”

“அப்ப நீங்க என்ன பொய் சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“அப்பவும் போச்சுல்ல.”

“அதான் கேக்குறேன். ஏன் போச்சு?”

“தெரியல. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பதில் வரல. ஆனா அழுதப்ப கூட இருந்தாரு. அது எனக்குத் தெரியும்.”

பிரசாந்த் மருந்துப் பையோடு வந்தான். மாமனாரைப் பார்த்து, “வாங்க மாமா” என்றான். முகர்ந்து, ஒரு அடி பின்னால் போனான். மருந்தை உள்ளே கொடுத்துவிட்டு வந்தவனிடம் சத்தியதாஸ் கேட்டார்.

“டாக்டரம்மா என்ன சொல்றாங்க மாப்ள?”

“ரொம்ப வெயிட்டு கம்மி மாமா. மூச்சு இன்னும் தானா சீராகல. ரெண்டு மூணு நாள் போனாத்தான் சொல்ல முடியுமாம். சரிப்படலேன்னா கீழ மதுரைக்குக் கொண்டுபோகணுமாம்.”

சத்தியதாஸின் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கியது. அஜித்குமார் சொன்னதைக் கேட்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தார். முடியவில்லை. அவர் கண்கள் சுவரிலும் தரையிலும் எதையோ தேடின. தவமணி அதைப் பார்த்தாள்.

“ஊருக்குப் போயி நடு அடுக்கையும் புடுங்கிராதீங்க” என்றாள்.

பிரசாந்துக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தியதாஸுக்கு முதல் தடவையாக உதட்டோரம் லேசாக இளகியது. அதுவும் உடனே போய்விட்டது.

நர்ஸ் வந்து, குழந்தையின் தாத்தா மட்டும் ஒரு நிமிஷம் பார்க்கலாம் என்றாள். பக்கத்தில் போனவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னங்க தாத்தா, பூண்டு மண்டியிலருந்து வர்றீங்களா? கைய முழங்கை வரைக்கும் கழுவுங்க. சோப்பு அங்க இருக்கு.”

கழுவினார். நகக்கண்ணில் மண் போனது, வாடை போகவில்லை. மறுபடி கழுவினார். நர்ஸ் முகர்ந்து பார்த்து, “பரவால்ல, தொடாதீங்க. தள்ளி நின்னு பாருங்க” என்று ஒரு பச்சை அங்கியை மாட்டிவிட்டாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் விளக்குக்குக் கீழே குழந்தை கிடந்தது. மூக்கில் குழாய். கையளவு உடம்பு. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய, நெஞ்சு குழிந்து குழிந்து எழுந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவர் தன் மூச்சை விட மறந்தார்.

கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, இந்தப் புள்ள பொழைச்சா...”

அதற்கு மேல் வரவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் எதையாவது வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். உள்ளுக்குள் துழாவிப் பார்த்தார். மாடு இருந்தது. நடு அடுக்கு இருந்தது. எதையும் எடுக்கவில்லை.

கண்ணைத் திறந்தார். குழந்தை அப்படியேதான் கிடந்தது.

“இது உம்ம புள்ள” என்றார் மெல்ல. சற்றுப் பொறுத்து, “சௌம்யாவும்தான்” என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “நான் ஏமாத்துனேன். மன்னிச்சிரும்” என்றார். இதைச் சொன்னால் இது நடக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நடக்காது என்றும் நினைக்கவில்லை. ஆமென் சொல்ல மறந்துவிட்டார். நர்ஸ் தோளைத் தட்டி, நேரமாகிவிட்டது என்றாள்.

வராந்தாவில் தவமணி பிரசாந்த் வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தாள். சாம்பார் ஆறிப்போயிருந்தது. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பொட்டலத்தைத் தொடாமல் இருந்ததைப் பார்த்து, அவள் சந்தேகத்தோடு கேட்டாள்.

“என்ன, உபவாசமா?”

“இல்ல” என்றார் சத்தியதாஸ். பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “பசிக்குது.”